கொரியா இளவரசனும் எங்கட கோயிலும்

ஹவுகெட்டோ, ஒஸ்லோ
12.10.2003

என்ரை அம்மாவுக்கு,

முழங்கால் நோ குறைஞ்சுதோ? நான் சுகம், குளிருக்கும் பழகியிட்டன்.

நீங்கள் சொன்னபடி போன ஞாயிறு லோறென்ஸ்கூக்குக்கு, குலேந்திரன் வீட்டை பொம்பிளை பாக்கப் போனனான். பிள்ளை அபிஷா யூனிவர்சிற்றியிலை ஜப்பான் சரித்திரம் படிக்குது. அந்தக் காலத்திலை கொரியாவிலையிருந்து கடல் தாண்டிப் போன இளவரசன் ஒருத்தனைத் தங்கட மூதாதை எண்டு ஜப்பான் பிரபுக்கள் சிலபேர் பெருமையாச் சொன்னவையாம். "பாத்தீரே தம்பி, வந்தவன் எண்டு ஒருத்தரும் தள்ளேல்லை" எண்டு தகப்பன் உருகினார். தேத்தண்ணி ஆற முதலே, "ஊரிலை எந்தப் பக்கம்? உங்களுக்குக் கோயில் எது?" எண்டார். சீ! அகதியா வந்து இருபது வருசம், இன்னும் சாதியைத்தான் மோந்து பாக்கினம்.

அதைவிட அருவருப்பு என்னிலைதான், அம்மா. வடக்கு வீதிப் பெரிய கோயில் எண்டு சொல்லிப்போட்டன். என்னைப் பெத்த ஐயாவைச் சாதி சொல்லி வாசலிலை மறிச்ச அதே கோயில்.

கூழ் காய்ச்ச ஒடியல் மா அனுப்புங்கோ. ஒருத்தனுக்குத்தானே, கொஞ்சம் காணும். வேலைக்கு நேரமாச்சு.

குலேந்திரன் வீட்டாக்கள் ஊரிலை எங்களைப் பற்றி விசாரிக்க ஆள் அனுப்புவினம். வந்தா, ஐயாவை மறிச்ச கதையையே சொல்லிவிடுங்கோ.

உங்கட மகன்
கஜரூபன்