திருத்தணி காடல்ல என்பதற்கு அத்தாட்சி

திருத்தணி,
சித்திரபானு வருஷம், ஆடி 8-ந் தேதி.

சென்னைத் துறைமுகத்துக் கிடங்குகளின் ஏகபோகச் சக்ரவர்த்தியும், அங்கே குமாஸ்தா என்ற எளிய வேஷத்தில் உலாவுகிறவனுமாகிய சிரஞ்சீவி கோதண்டபாணிக்கு, மலையடிவாரத் தேங்காய்க் கற்பூரக் கடையின் மகாராஜாவாகிய உன் தாய்மாமன் துளசிங்கம் ஆசீர்வதித்து எழுதுவது. இவ்விடம் நானும் உன் அத்தை கௌரியம்மாளும் க்ஷேமம். உன் மனைவி ஜெயம்மாளும் க்ஷேமம் என்றுதான் எழுத வேண்டும், எழுதிவிட்டேன்.

உன் கடிதம் வந்தது. அதில் நீ என்னை ஒரு பெரிய நீதிபதியாக்கி, திருத்தணி நாட்டுப்புறமா, பட்டணத்துப் புறஞ்சேரியா என்று தீர்ப்புச் சொல்லக் கேட்டிருக்கிறாய். நாட்டுப்புறமானால் யுத்தம் முடிகிற மட்டும் ஜெயம் இங்கேயே இருக்கட்டும் என்கிறாய். புறஞ்சேரியானால் குண்டு இங்கேயும் விழுமாம். ஆகவே இன்னும் உள்ளே, பொதட்டூர்பேட்டையில் உன் சித்தப்பா வீட்டில் கொண்டுபோய் விடச் சொல்கிறாய். அப்பனே, கதவு ஒன்று, அதற்குப் பூட்டு இரண்டு. எதைப் பூட்டட்டும் என்று என்னைக் கேட்கிறாய்.

குற்றம் என்னுடையது. சித்திரையில் ஜப்பான்காரன் வருகிறான் என்று பட்டணமே காலியாகி, தட்டுமுட்டுச் சாமானோடு ரயிலேறியபோது, உன் ஊர் பத்திரமா மாமா என்று கேட்டாய். நானும் எழுதினேன். இங்கே எறும்பு தும்மினால் மூன்றாவது தெருவில் 'நூறு' என்பார்கள் என்று எழுதினேன். சிறுத்தை வாசலில் வந்து மோர் கேட்கும், கௌரி உப்புப் போட்டுக் கொடுப்பாள் என்று எழுதினேன். ஜப்பான்காரன் ஆகாய விமானத்தில் வந்தாலும் கீழே இறங்கி வழி கேட்டால்தான் இந்த ஊரைக் கண்டுபிடிப்பான் என்றும் எழுதினேன். அதையெல்லாம் படித்துச் சிரிப்பாய் என்று நினைத்தேன். நீ நம்பிவிட்டாய். மூன்று மாதத்துக்கு மேலாகிறது.

உன் கேள்வியைச் சும்மா விடவில்லை. ரயிலடிக்கு எதிரே சைக்கிள் ரிப்பேர் பார்க்கும் கரீமுல்லாவின் கடையில் ஒரு மகாசபை கூடியது. பஞ்சர் ஒட்ட ஆள் இருந்தால் அது பட்டணத்தின் வால் என்றான் கரீமுல்லா. அந்த ஆள் இரண்டு நாள் கழித்து வா என்றால் அது பட்டிக்காடுதான் பாய் என்று மடக்கினான் ஜம்புலிங்கம். அவன் சைக்கிள் திங்கட்கிழமையிலிருந்து அங்கே தலைகீழாகக் கிடக்கிறது. வீட்டுக்கு வந்து கௌரியைக் கேட்டேன். கறிவேப்பிலையைக் கேட்டு வாங்கினா நாட்டுப்புறம், காசு குடுத்து வாங்கினா பட்டணம், இது கூடவா தெரியாது என்றாள். ஜெயம் மட்டும் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அந்த அரிசியில் கல்லே இல்லை. காலையில்தான் பொறுக்கியிருந்தாள்.

வந்த புதிதில் தினமும் சாயங்காலம் மலைக்குப் போவாள். என்ன பக்தி என்று ஊரே மெச்சியது. சந்நிதிக்குப் போகிறவள் இருநூறாம் படியிலேயே உட்கார்ந்துவிடுவாள் என்பது பிறகு தெரிந்தது. அங்கிருந்து பார்த்தால் பட்டணத்து ரயில் வருவது தெரியும். ஆனி கடைசியில் மலை ஏறுவதை நிறுத்திவிட்டாள். சரி, ஊர் பழகிவிட்டது என்று நினைத்தேன். நாலு நாளைக்கு முன்பு கரீமுல்லா என்னைத் தனியே கூப்பிட்டு, அண்ணே, உங்க வூட்டுப் பொண்ணு தெனமும் வந்து ரயிலடிக் கம்பி வேலியாண்ட நின்னுகினு கீது, வண்டி போனதும் போயிடுது, ஒரு வார்த்தை கேளுங்க என்றான்.

மறுநாள் நானே போனேன். மிளகாய் மூட்டைகளுக்குப் பின்னால் ஒற்றனைப் போல ஒளிந்தேன். ரயில் வந்தது. இறங்கிய முகங்களை ஒன்றுவிடாமல் பார்த்தாள். எல்லாரும் போனபின் காலிப் பெட்டிகளையும் பார்த்தாள். அந்த நேரத்தில் மிளகாய் நெடியில் நான் போட்ட தும்மல் மணவூர் ஸ்டேஷன் வரைக்கும் கேட்டிருக்கும். அவள் திரும்பிப் பார்த்தாள். சிரிக்கவில்லை. காலையிலே போன ஆளு சாயங்காலம் வூட்டுக்கு வந்துட்டா அது பட்டணத்தாண்ட இருக்கிற ஊரு, வராங்காட்டி காடு, அவ்ளோதான் நைனா என்றாள். உன் கேள்விக்கு விடை அதுதான். என்னால் இதற்குமேல் ஒரு வார்த்தை சேர்க்க முடியவில்லை. எனக்கே முடியவில்லை என்றால் பார்த்துக்கொள்.

எதிர்வீட்டில் குடியிருந்த பட்டணத்துக் குடும்பம் ஆனியிலேயே திரும்பிவிட்டது. பக்கத்துத் தெருவில் இரண்டு வீடு காலி. அவர்கள் வண்டி கட்டும்போதெல்லாம் இவள் வாசலில் நின்று வழியனுப்பினாள். உன் வார்த்தை இல்லாமல் அனுப்ப மாட்டேன் என்கிறாள் கௌரி. ஆடியில் புதுப் பெண்ணைப் புருஷனிடம் அனுப்பக்கூடாது என்றும் ஒரு சட்டம் பேசுகிறாள். அந்த வழக்கத்துக்கு ஒரு காரணம் உண்டு. உங்கள் விஷயத்தில் அந்தக் காரணம் பங்குனியிலேயே காலாவதியாகிவிட்டது. இதற்குமேல் எழுதக்கூடாது என்று ஜெயம் என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். தெரிந்தால் இன்னும் பத்திரமாக இங்கேயே வைத்துவிடுவாராம். தானாகக் கூப்பிட வேண்டுமாம். ஆகையால் நான் ஒன்றும் எழுதவில்லை. ஊர் வழக்கம் ஒன்றை மட்டும் சொல்கிறேன்: ஐந்தாம் மாசம் பிறந்துவிட்டால் இங்கே பெண்கள் மலை ஏறுவதில்லை.

இனி தீர்ப்பு. சிறுத்தை மோர் கேட்டதில்லை. அது எங்கள் வீட்டுப் பூனைதான். அதுகூட மோர் குடிக்காது. எறும்பு தும்மினால் எவனுக்கும் கேட்காது, ஏனென்றால் ராத்திரி பகலாகப் பட்டாளத்து ரயில் போகிறது. ஆகவே திருத்தணி காடல்ல. பட்டணத்தின் கடைசித் தெரு, கொஞ்சம் நீளமான தெரு, அவ்வளவே. பொதட்டூர்பேட்டைக்கு அனுப்ப மாட்டேன். அங்கே நின்று பார்க்க ரயில்கூட இல்லை.

என் வார்த்தையை நம்பாதே. ஒருமுறை நம்பியது போதும். நீயே சோதித்துப் பார். சனிக்கிழமை ஆபீஸ் முடிந்ததும் வண்டி ஏறு. விளக்கு வைப்பதற்குள் வந்து சேர்ந்துவிட்டால் நான் ஜெயித்தேன். அப்புறம் இங்கேயே இருந்து வாராவாரம் நீ வருவதோ, அவளைக் கையோடு கூட்டிப்போவதோ, நீங்கள் இருவரும் பேசி முடிவு செய்யுங்கள். கிருத்திகைக்கு இன்னும் இரண்டு வாரந்தான். காவடிக் கூட்டம் வந்துவிட்டால் ரயிலில் கால் வைக்க இடம் இருக்காது. அதற்கு முன்பே வா. ஒன்று மட்டும் மறக்காதே: ரயில் நிற்கும்போது வேலிப் பக்கமாகப் பார்த்து இறங்கு.

தணிகைவேலன் உங்கள் மூன்று பேரையும் காப்பாற்றுவான். நான் எதையும் பெருக்கிச் சொல்கிறவன் என்று உனக்குத் தெரியும். இந்த மூன்றை மட்டும் பெருக்கவில்லை.

உன் அன்பு மாமன்,
து. துளசிங்கம்