யாருடைய சர்க்கரை?

அன்புள்ள தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். என் நலத்துக்கு ஒரு குறையும் இல்லை. உன் நலத்தை அறிகிற ஆவல்தான் நேற்றிலிருந்து என் உயிரை வாங்குகிறது.

போனில் சொல்லியிருப்பேன். ஆஸ்பத்திரி என்ற சொல் காதில் விழுந்தாலே உன் போனுக்கு மட்டும் சிக்னல் போய்விடுகிறது. அதனால், விடுமுறை முடிந்து உங்கள் கட்டட வேலைக்குத் திரும்புகிற வெல்டர் அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கூடவே ஒரு சின்னப் பொட்டலம். கடிதத்தைப் படித்து முடித்துவிட்டுப் பிரி.

முதலில் என் கதை. டிரைவிங் ஸ்கூல் காரில், ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டர் ஒருவருக்கு ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று எனக்கு வியர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது. எனக்கென்று இருக்கிற தனி பிரேக்கைக்கூட மிதிக்க முடியவில்லை. மூன்றாவது கியர் என்றாலே முகம் வெளுக்கிற மனிதர், என்னை நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டார். வாசலில் ஒரு பூந்தொட்டி போயிற்று, மற்றபடி நல்ல ஓட்டம். லைசென்ஸ் கிடைத்துவிடும்.

இரத்தத்தில் சர்க்கரை அடியோடு இறங்கிவிட்டது என்றார்கள். குளுக்கோஸ் ஏற்றினார்கள். அங்கிருந்த டாக்டரம்மா மாத்திரையை நிறுத்திவிட்டு, இரண்டு மூன்று நாள் திரும்பத் திரும்பக் குத்திப் பார்த்தார். மூன்று மாதச் சராசரி என்று ஒரு சோதனையும் எடுத்தார். நேற்றுக் காலையில் வந்து, எனக்குச் சர்க்கரை நோயே இல்லை, எந்தப் புண்ணியவான் இந்த மாத்திரையைக் கொடுத்தது என்று கேட்டார். அம்மா சந்தோஷத்தில் என் கன்னத்தைக் கிள்ளியே சிவக்க வைத்துவிட்டாள். அந்தச் சந்தோஷம் ஒரு மூச்சு நேரம்கூட நிற்கவில்லை.

ஏனென்றால் டாக்டரம்மா அடுத்துக் கேட்டது, அந்த முகாம் சீட்டில் இருந்த முந்நூற்றுச் சொச்சம் அப்படியானால் யாருடையது என்று.

உனக்கு ஞாபகம் இருக்கும். நீ விடுமுறையில் வந்திருந்தபோது கல்யாண மண்டபத்தில் இலவச ரத்தப் பரிசோதனை நடந்தது. அம்மா நச்சரித்தது என்னைத்தான். நீ துணைக்கு வந்தவன், ஓசிதானே என்று நீயும் விரலை நீட்டினாய். டோக்கன் இரண்டையும் உன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாய். சீட்டில் பெயர் இல்லை, எண்தான். எது யாருடைய எண் என்று உனக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. ஒன்றில் சர்க்கரை சரியாக இருந்தது, ஒன்றில் எகிறியிருந்தது. நீ கொஞ்சமும் யோசிக்காமல், “இதுல என்னடி சந்தேகம், பூசணிக்குத்தான்” என்று அதை என் கையில் திணித்தாய். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். தெருமுனை டாக்டர் சீட்டை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பார்த்தார். மாத்திரை எழுதிவிட்டார். மறுபடி ஒரு முறை குத்திப் பார்க்க அவருக்கும் தோன்றவில்லை, என் உடம்பே சாட்சி சொல்லிவிட்டதே!

அம்மா டாக்டரம்மாவிடம், அது என் மகனுடையதாக இருக்கவே முடியாது, அவன் ஈர்க்குச்சி, காற்றடித்தால் பறப்பான் என்றாள். டாக்டரம்மா அதற்குச் சிரிக்கவில்லை. “பொறக்கும்போது ரெண்டு பேரும் எவ்வளவு எடை இருந்தாங்க?” என்று மட்டும் கேட்டார். நான் மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, நீ ஒன்றரைகூட இல்லை, பஞ்சில் சுற்றி வைத்திருந்தார்கள் என்று அம்மா சொன்னாள். டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்.

கருவில் தீனி பற்றாமல் வளர்கிற பிள்ளை, கிடைத்ததை முதலில் மூளைக்குக் கொடுத்துவிடுமாம். கணையமும் தசையும் மிச்சம் மீதியில்தான் வளருமாம். பஞ்சத்துக்குப் பழகின உடம்பு அது. பிறந்த பிறகு வயிறு நிறையத் தின்னத் தொடங்கினால், அதைச் செலவழிக்கத் தெரியாமல் திணறுமாம். வெளியே ஒல்லியாக இருந்தாலும் உள்ளே குடலைச் சுற்றிக் கொழுப்பு சேருமாம். எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை, ஆனால் சர்க்கரைக்கும் மாரடைப்புக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல் என்றார். எனக்கும் ஒன்றும் பட்டா எழுதித் தரவில்லை, உடம்பைக் குறைக்கச் சொல்லித்தான் அனுப்பினார்.

அம்மா பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தாள். உன்னைத் தேற்றுவதற்காக உன் பாலில் மட்டும் இன்னும் இரண்டு கரண்டி சர்க்கரை போட்டவள் அல்லவா. “நான் ஊட்டுனதா அவனுக்கு வெனையாச்சு?” என்றாள். அன்றைக்கு உன்னை உயிரோடு காப்பாற்றியதே அந்தக் கைதான் என்று டாக்டரம்மா சொன்னார். அம்மாவுக்கு அது ஏறவில்லை. நேற்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

இப்போது உன் கதைக்கு வருகிறேன். போன மாதம் போனில் நீ சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் தாகம் அடங்கவில்லை என்றாய். பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டேன் என்றாய். பூட்ஸ் கடித்த புண் இன்னும் ஆறவில்லை என்றாய். உடம்பு தேற ஏதாவது சொல்லு என்றாய். நான் என்ன சொன்னேன், நன்றாகச் சாப்பிடு, வாழைப்பழ மில்க்‌ஷேக் குடி என்றேன். தயவுசெய்து அதை இன்றோடு நிறுத்து. கலர் சோடாவையும் நிறுத்து. கார் சீட்டில் உட்கார்ந்திருந்த எனக்கே உலகம் சுற்றியது. நீ கிரேன் உச்சியில் உட்கார்கிறவன், கீழே ஆட்கள் நடமாடுகிறார்கள்.

பொட்டலத்தில் இருப்பது நான் இத்தனை நாள் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்துக்கொண்டிருந்த மிஷின். எண் சரியாக வந்தபோதெல்லாம் அது மாத்திரையின் வேலை என்று நினைத்துக்கொண்டேன். எப்படிக் குத்துவது என்று வெல்டர் அண்ணனுக்குக் காட்டிக்கொடுத்திருக்கிறேன். நீ விரலை நீட்டும்வரை உன் எதிரிலேயே நிற்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். எண் எதுவானாலும், மேலே ஏறாமல் நேராக டாக்டரிடம் போ. அந்தக் காலில் வெறும் தண்ணீர்கூடப் படாமல் பார்த்துக்கொள் என்று அம்மா எழுதச் சொல்கிறாள். அதைப் பற்றியும் டாக்டரையே கேட்டுக்கொள்.

சின்ன வயதிலிருந்து உனக்கு ஒரே பாட்டு, வயிற்றுக்குள்ளேயே என் பங்கையும் தின்றவள் என்று. நானும் பதிலுக்கு, நீ சோம்பேறி, எடுத்துத் தின்னத் துப்பில்லை என்பேன். நேற்று ஆஸ்பத்திரியில் உன் பாட்டே உண்மை என்று தெரிந்தது. நோய் இல்லை என்று சொன்ன வாயைப் பார்த்து, இருக்கிறது என்று சொல்லிவிடேன், அந்தச் சீட்டு என்னுடையதாகவே இருக்கட்டுமே என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

சில நிமிஷமாவது உனக்கு மூத்தவள் நான். அந்த உரிமையில் ஆசீர்வதிக்கிறேன்: நூறு வயது இரு, நூறு வயதும் என்னைக் கிண்டல் செய். விரலை மட்டும் நீட்டிவிடுடா.

உன் பங்கையும் தின்றுவிட்டுப் பிறந்த,
பூசணி