கல்லு மாதிரி இருக்கிற டயர்

அன்புள்ள தம்பிக்கு, அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் சுகம், அங்கே நீயும் மருமகளும் அவள் வயிற்றில் இருக்கும் என் செல்லமும் சுகமாக இருக்க வேண்டும் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும், எழுதிவிட்டேன், ஆனால் நாங்கள் சுகம் என்பது பொய். அப்பா தட்டில் கை வைத்துவிட்டு அப்படியே எழுந்து போகிறார். எனக்கும் வாயில் வைத்தது இறங்குவதில்லை. காரணம் உனக்குத் தெரியும். டயர் என்று வாயைத் திறந்தாலே போனை வைத்துவிடுகிறாய், அதனால்தான் பேப்பரை எடுத்தேன். மெசேஜ் அனுப்பினால் ஒரு கட்டைவிரலைத் தூக்கி அனுப்புகிறாய். அதற்கு என்ன அர்த்தம் தம்பி, சரிம்மா என்றா, போதும் நிறுத்து என்றா? எதிர்வீட்டு நர்ஸ் லீவு முடிந்து நாளைக் காலை விமானம் ஏறுகிறாள். மருமகளுக்குப் பிரசவம் ஆகப்போகிற அதே ஆஸ்பத்திரியில்தான் அவளுக்கு வேலை. சாயங்காலம் வந்து கடிதத்தை வாங்கிக்கொள்கிறேன் என்றிருக்கிறாள், அதற்குள் எழுதி முடிக்க வேண்டும்.

முதலில் வீட்டுச் சேதியைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இதையும் பாதியில் மடித்து வைத்துவிடுவாய். மாடித் தண்ணீர்த் தொட்டி ஒழுகியதை ஒருவழியாக அடைத்தாயிற்று. உன் தங்கையை பாங்கில் வேறு கிளைக்கு மாற்றிவிட்டார்கள், பாதி நாள் பஸ்ஸிலேயே போகிறது என்று புலம்புகிறாள், ஆனால் புலம்பலைக் கேட்க அங்கே ஒரு பையன் இருக்கிறான் போலிருக்கிறது, குரலில் தெரிகிறது, நீ எதுவும் கேட்டு வைக்காதே. எங்கள் ஐஸ்கிரீம் கிடங்கில் எல்லாருக்கும் புதுக் கம்பளிச் சட்டை கொடுத்தார்கள். என்னுடையதில் இன்னொரு ஆள் தாராளமாகக் குடியிருக்கலாம். அவ்வளவுதான் சேதி, இனி என் வயிற்றெரிச்சலைக் கேள்.

அந்த மஞ்சள் காரை வாங்கி நீ போட்டோ அனுப்பிய அன்று அப்பா டயர் கடையில் வந்தவன் போனவனுக்கெல்லாம் காட்டினார். காரைக்கூட அவர் சரியாகப் பார்க்கவில்லை, சக்கரத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். பந்தயக் காருக்குப் போடுற டயர்டி இது, மெத்துமெத்துன்னு ரப்பர், ரோட்டுல கோந்து மாதிரி ஒட்டும் என்று அன்று முழுக்க ஒரே பெருமை. அது வெயில் காலத்து டயர் என்று அவருக்கும் தெரியும். ஆனால் நம் ஊரில் வேறு காலம் எங்கே இருக்கிறது? நம் கடையில் குளிர்கால டயர் என்று ஒன்றை யாரும் கேட்டதும் இல்லை, அப்பா வாங்கி மாட்டியதும் இல்லை. அப்புறம் அங்கே குளிர் தொடங்கியபோது நீயே போனில் சொன்னாய், காலையில ஒரு உதை விட்டுப் பார்த்தேம்பா, டயர் கல்லு மாதிரி இருக்கு என்று. அப்பா முகத்தைப் பார்க்க வேண்டுமே. நம் கடையில் அதைவிடப் பெரிய பாராட்டு ஏது? வருகிறவன் எல்லாம் சக்கரத்தை உதைத்துப் பார்த்து, கல்லு மாதிரி இருக்குண்ணே என்றால் காற்று சரி, டயர் உரம், ஆள் சந்தோஷமாகக் கிளம்புகிறான் என்று பொருள். நீ நடை பழகும்போதே கேட்டு வளர்ந்த வார்த்தை அது. அப்புறம் என்னடா, கவலையை விடு என்று அப்பாவும் சொல்லிவிட்டார், நானும் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினேன்.

போன வாரம் கிடங்கில் தள்ளுவண்டிக்குச் சக்கரம் தேய்ந்துவிட்டது என்று மேனேஜர் வெளியே ஓடுகிற வண்டியின் சக்கரத்தைக் கழற்றி மாட்டச் சொன்னார். வெளியில் அது பூனை மாதிரி சத்தமில்லாமல் நன்றாகத்தான் ஓடியது. உள்ளே குளிரில் ஒரு பொழுது நின்றதும் அதற்கு என்ன வந்ததோ, நான் திருப்பினேன், வண்டி திரும்பவில்லை. நான் ஒரு பக்கம் இழுக்க அது பெட்டிகளோடு நேராகப் போய்க் கணக்கு எழுதுகிற பெண்ணின் முழங்காலில் இடித்தது. தரையில் தண்ணீரும் இல்லை, ஐஸும் இல்லை, துடைத்துவிட்ட காய்ந்த தரை. மெக்கானிக் வந்து சக்கரத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, குளிர்ல ரப்பர் கல்லு மாதிரி ஆயிடுச்சும்மா, இது உள்ளே ஆகாது என்றார். தம்பி, அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்டதும் நானும் குனிந்து அந்தச் சக்கரத்தைச் சுரண்டிப் பார்த்தேன். நீ சொன்ன அதே வார்த்தை. நீ சொன்னது நோயை, நாங்கள் அதற்குச் சபாஷ் போட்டிருக்கிறோம்.

அப்பாவிடம் சொன்னால் தள்ளுவண்டியும் காரும் ஒண்ணா என்று எரிந்து விழுந்தார். நான் விடவில்லை. கடைக்குப் பின்னால் கிடந்த, உன் கார் டயர் ஜாதியிலேயே ஒரு பழசிலிருந்து பட்டையாக ஒரு துண்டை அறுத்து வாங்கிக்கொண்டு போய்க் கிடங்கில் ஐஸ்கிரீம் பெட்டிகளுக்கு நடுவில் வைத்தேன். மறுநாள் கம்பளியில் சுற்றி, ஆட்டோ பிடித்து, அது இளகுவதற்குள் கடைக்குக் கொண்டுபோனேன். அப்பா அதை மேஜையில் தட்டினார், டொக்கென்று மரக்கட்டைச் சத்தம். வளைத்தார், மேலே வரி வரியாக வெடிப்பு விட்டது. கையைக் கழுவிவிட்டு உனக்குப் போன் போட்டார். நீ என்ன சொன்னாய்? நீங்கதானேப்பா நல்ல டயர்னு சொன்னீங்க என்றாய். பனியே விழலை, ரோடு காய்ஞ்சு கிடக்கு என்றாய். பனி விழ வேண்டாம் தம்பி, குளிர் போதும். ஏழு டிகிரிக்குக் கீழே போனாலே அந்த ரப்பர் விறைக்க ஆரம்பித்துவிடுமாம், டயர் கம்பெனிக்குப் போன் போட்டு அப்பா கேட்டுத் தெரிந்துகொண்டார். விறைத்த டயருக்கு ரோடு பிடிபடாது, பிரேக் போட்டாலும் கார் அது பாட்டுக்குப் போகும். பேக்கரி முனையில் திரும்பும்போது பின்பக்கம் கொஞ்சம் ஆட்டம் போட்டுச்சு, ஜாலியா இருந்துச்சு என்று சிரித்தாயே, அந்தச் சிரிப்புதான் என்னைத் தூங்கவிடாமல் அடிக்கிறது. டயர் மாத்துற கடையில கூட்டம், பிரசவம் முடியட்டும், அப்புறம் பார்த்துக்கலாம் என்றாய். பிரசவத்துக்குப் போகத்தானேடா அந்தக் கார் வேண்டும், சரிவில் இறங்கி ஆற்றுப் பாலத்தைத் தாண்டி. மருமகளிடம் சொல்லலாம் என்றால் ரத்த அழுத்தம் ஏறியிருக்கு, பதறவிடாதீங்க என்று டாக்டர் சொன்னதாக நீதான் என் வாயைக் கட்டிப்போட்டாய். அவள் என்னடா என்றால், அத்தை, இந்தக் கார்தான் எனக்குச் சக்களத்தி, என்னைவிட அதைத்தான் தடவித் தடவிப் பார்க்கிறார் என்று சிரிக்கிறாள். நானும் சேர்ந்து சிரிக்கிறேன், சிரித்துவிட்டுப் போய்க் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறேன். உன் காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன். வலி எடுத்தால் டாக்சியைக் கூப்பிடு, ஆம்புலன்ஸைக் கூப்பிடு, பக்கத்து வீட்டுக்காரன் கதவைத் தட்டு, மானம் ஒன்றும் போய்விடாது

தம்பி, மேலே எழுதிக்கொண்டிருக்கும்போதே மருமகள் போன் செய்தாள். வலி வந்துடுச்சு அத்தை, கிளம்பிட்டோம், நாள் இருக்குன்னு நெனச்சோம், முந்திக்கிச்சு என்றாள். எதில் கிளம்பினீர்கள் என்று கேட்டேன். டாக்சி வர நேரமாகும்னு உங்க பிள்ளை வண்டியை எடுத்துட்டார் என்றாள். பின்னால் அந்தக் காரின் உறுமல் கேட்டது, உன் குரலும் கேட்டது, பெல்ட்டைப் போடு என்றாய். மெதுவாப் போகச் சொல்லும்மா என்பதற்குள் லைன் போய்விட்டது. அப்பாவைக் கடையிலிருந்து வரச் சொன்னேன், சட்டைகூட மாட்டாமல் கடை உடுப்போடு ஓடி வந்தார். வந்ததும் உன் நம்பரை அழுத்தப் போனார். நான் பிடுங்கிக்கொண்டேன். அடித்தால் நீ எடுப்பாய். இத்தனை நாள் பாதியில் வைத்தவன் இன்றைக்கு எடுப்பாய், ஒரு கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து எடுப்பாய். அவளுக்கும் அடிக்க முடியாது, அவள் வலியில் இருக்கிறாள், நான் கத்தினால் அவள் கத்துவாள், நீ திரும்பிப் பார்ப்பாய். அதனால் போனை மேஜை நடுவில் வைத்துவிட்டு ரெண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். மெதுவா இறங்குடா, பிரேக்கை மிதிக்காதடா, தொட்டுத் தொட்டு விடுடா, முன்னாடி போறவனை விட்டுத் தள்ளிப் போடா என்று அப்பா சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். நீ இந்நேரம் சரிவில் இருப்பாயா, பாலத்தில் இருப்பாயா என்று எனக்குத் தெரியவில்லை. கை சும்மா இருந்தால் போனை எடுத்துவிடும் என்று பயந்து எழுதிக்கொண்டே இருக்கிறேன்.

நர்ஸ் வந்து வாசலில் நிற்கிறாள். போன் இன்னும் அடிக்கவில்லை. போகும்போது ஓட்டிய பாதைக்கு இனி நான் என்ன சொல்லி என்ன, திரும்பி வரும்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். குழந்தையை அந்தக் காரில் ஏற்றாதே. கார் ஆஸ்பத்திரி வாசலிலேயே கிடக்கட்டும், குளிரில் விறைத்திருக்கும்போது உருட்டக்கூட வேண்டாம், ஆளை அங்கேயே வரவழைத்து மாற்றச் சொல். நாலையும் மாத்தச் சொல்லு, ரெண்டை மட்டும் மாத்தினா முன்னாடி ஒரு புத்தி, பின்னாடி ஒரு புத்தின்னு வண்டி ஓடும் என்று அப்பா சொல்லச் சொன்னார். மருமகளுக்கு என் முத்தம். பிறந்தது எதுவானாலும் நூறு வயது இருக்கட்டும், உங்கள் மூன்று பேருக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும்.

ஆஸ்பத்திரிக்குள் உன்னைத் தேடிப் பார்த்து உன் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று நர்ஸிடம் சொல்லி அனுப்புகிறேன். அம்மாவுக்கு வேற வேலை இல்லை என்று திட்டு, தலையில் அடித்துக்கொள், அவளிடம் காட்டிச் சிரி. எதை வேண்டுமானாலும் செய், ஆனால் இதை நீயே வாங்கிப் படி, தம்பி.

உன் போனுக்குக் காதை வைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா