சிவப்பு மையில் ஒரு டிக்

பாப்பா,

ரெண்டு நாளா நீ என்கிட்ட முகம் கொடுத்துப் பேசல. கேட்டா, பரீட்சை டென்ஷன்னு உங்கம்மா சமாளிக்கறா.

முந்தாநாள் உங்க கவுன்சலர் டீச்சர் லீவு. உங்க ஃப்ரெண்ட்ஸ்ல பையன் பையனை விரும்பினா, பொண்ணு பொண்ணை விரும்பினா என்ன நினைப்பீங்கன்னு உங்க வகுப்புல பேர் போடாம எழுதி வாங்கற வேலையை என் தலையில கட்டிட்டாங்க. கணக்கு வாத்தியாருக்கு இதெல்லாம் தேவையான்னு எரிச்சல். நாற்பது சீட்டையும் படிக்காமலே, நோட்டு திருத்தற கைப்பழக்கத்துல எல்லாத்துக்கும் சிவப்பு டிக் போட்டு, உங்க வகுப்புச் சுவர்ல ஒட்டிட்டேன்.

இன்னைக்குக் கழட்டும்போதுதான் படிச்சேன். "ஃப்ரெண்டு ஃப்ரெண்டுதான், இதுல என்ன இருக்கு?"ன்னு பாதிப் பேர் எழுதியிருக்கீங்க. எங்க ஸ்டாஃப் ரூம்ல அந்தப் புத்தி கிடையாது.

கடைசிச் சீட்டுல, "ஃப்ரெண்ட்ஸ் ஏத்துப்பாங்க. எங்கப்பா வீட்டை விட்டுத் துரத்திடுவார்." அதுக்கும் டிக். அந்தச் சாய்ஞ்ச கையெழுத்து எனக்குத் தெரியாதா?

அன்னைக்கு டிவியில அப்படி ஒரு ஜோடியைப் பார்த்துட்டு, "நம்ம வீட்ல இப்படி ஒண்ணு இருந்தா வாசப்படி ஏற விடமாட்டேன்"னு கத்தினேனே. நீ பாதிச் சாப்பாட்டுல எழுந்து போன. என் வாய்க்கொழுப்பு.

நான் எதுவும் கேக்கப் போறதில்ல. எல்லாம் புரிஞ்சிடுச்சுன்னு பொய்யும் சொல்ல மாட்டேன். பயமாத்தான் இருக்கு.

அந்தச் சீட்டையும் இதோட உன் ஜியாமெட்ரி பாக்ஸ்ல வைக்கறேன். டிக்கை வெட்டிட்டு, 'தப்பு'ன்னு போட்டிருக்கேன், பாரு. இருபது வருஷத்துல தப்பான விடைக்கு நான் டிக் போட்டது இது ஒண்ணுதான்.

பெல் அடிச்சதும் வண்டியோட ஸ்கூல் கேட் பக்கத்துல நிப்பேன். வீட்டுக்குப் போலாம், வா.

அப்பா