கோபமல்ல, அவசரம்

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேரனும் நலமாக இருக்க வேண்டும்.

உன் கடிதம் கிடைத்தது. அப்பாவுக்கு இன்னும் கோபம் தீரவில்லை என்றால் இனிமேல் கூப்பிடவே மாட்டேன் என்று எழுதியிருந்தாய். படித்த கையோடு இதை எழுதுகிறேன். அடியே, அந்த மனுஷனுக்குக் கோபமே இல்லை. கேள்.

பேரனைப் பார்க்கச் சட்டையெல்லாம் தேய்த்துப் போட்டுக்கொண்டு கிளம்பியவர், பஸ் ஊர் எல்லை தாண்டும் முன்பே இறங்கித் திரும்பிவிட்டார். 'என் பேச்சைக் கேக்காம கட்டிக்கிட்டவ வீட்டுக்கு நான் எதுக்குப் போகணும்' என்று தாம்தூம் என்று குதித்தார். நானும் நம்பிவிட்டேன்.

போன வாரம் நம் சலூனில் அப்பா, வாத்தியாருக்கு ஒரு கன்னத்தை மழித்துவிட்டு, மறு கன்னத்தை நுரையோடு விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிவந்திருக்கிறார். வாத்தியார் காத்துக் காத்துப் பார்த்துவிட்டு, நுரையோடு நம் வாசலுக்கே வந்து நின்றார். சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. அன்று பிடி பிடியென்று பிடித்த பிறகுதான் அப்பா வாயைத் திறந்தார். திடீரென்று முட்டுமாம், அடக்க முடியாதாம், சில சமயம் கதவைத் திறப்பதற்குள் கால்சட்டை நனைந்துவிடுமாம். அதற்குப் பயந்து கடை சாத்தும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருந்திருக்கிறார். டீயை மட்டும் விடவில்லை, மகராசன்.

டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். சோதனை, ஸ்கேன் எல்லாம் பார்த்துவிட்டு, பயப்படும்படி ஒன்றுமில்லை, சிறுநீர்ப்பை நிறையும் முன்பே சுருங்கி அவசரப்படுத்துகிறது என்றார். நிறைய ஆண்களுக்கு வருகிறதாம், வெளியே சொல்வதுதான் இல்லையாம். தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர் கெட்டியாகி இன்னும் தொந்தரவு பண்ணுமாம். டீயைக் குறைத்து, முட்டியதும் ஓடாமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போட்டுப் பழகச் சொல்லியிருக்கிறார். மாத்திரையும் உண்டு. சரியாகக் கொஞ்ச நாளாகும்.

மகளிடமாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். 'கோவக்காரன்னு நெனச்சா நெனச்சுக்கட்டும். மாப்பிள்ளை முன்னாடி நாற்காலிய நனைச்சு வெச்சேன்னா அவளுக்குல்ல தலைகுனிவு' என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ரயிலில் வருகிறோம். அதில் கழிப்பறை இருக்கிறது. நான் எழுதியது அவருக்குத் தெரிய வேண்டாம். வாசலில் உன் முகத்தைக்கூடப் பார்க்காமல் அவர் உள்ளே பாய்ந்தால் மனசு விட்டுவிடாதே, வழியைக் காட்டு. கை கழுவிக்கொண்டு வந்ததும், அவர் வேண்டாம் வேண்டாம் என்று பின்வாங்கினாலும், பேரனைத் தூக்கி மடியில் போடு. இரண்டு பேரில் யார் நனைத்தாலும் துடைத்துக்கொள்ளலாம்.

உங்களைப் பார்க்கத் துடிக்கும்
அம்மா