ரிஹாகுரு வராத மாதம்

என்னவனுக்கு,

மறக்கவில்லை. இந்த மாதம் ரிஹாகுரு அனுப்ப முடியவில்லை, அவ்வளவுதான். நீ வேலை பார்க்கும் விடுதியில் யாராவது கேட்டால் மீன் படவில்லை என்று சொல்லிவிடு.

போன வாரம் சூரை மீன் நிறையவே பட்டது. அன்று காலையிலிருந்து கொட்டகையில் ரிஹாகுரு விழுதுக்கு மீன் சாறு காய்ச்சினோம். காற்றே இல்லை. எனக்கு வியர்ப்பது நின்றுவிட்டது என்று சொன்னேன்.

“சாறு சுண்டுற வரைக்கும் நுரை எடுக்குறவ எழுந்திருக்கக் கூடாது,” என்றாள் உன் அம்மா. “உன் புருஷனை வயித்துல வச்சுக்கிட்டு நான் எத்தனை பானை இறக்கியிருக்கேன்! நீ என்ன சுல்தான் வீட்டுப் பொண்ணா?”

“அப்போ ஓலைக் கூரை, மாமி. இப்போ தகரம்.”

“தகரம் போட்டவன் உன் புருஷன். அவனையே கேளு.”

நான் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை.

மயங்கி விழுந்தது நினைவில்லை. சுகாதார நிலையத்தில் நர்ஸ் என் வயிற்றில் துடிப்பு கேட்கும் கருவியை இடம் மாற்றி மாற்றி வைத்துக் கேட்டாள். பிறகு அதை அணைத்துவிட்டு மாமியை வெளியே கூப்பிட்டாள்.

நீ லீவு போட்டு வர வேண்டாம். பெயர் எதுவும் யோசிக்கவும் வேண்டாம்.

“அது அல்லா எழுதினது. வெயில் என்னடி பண்ணும்?” என்கிறாள் மாமி. இன்று மறுபடி சூரை வந்தது. நுரை எடுக்க உன் தங்கை ஷீஸாவை உட்காரவைத்தாள். அவளுக்கு இது நாலாவது மாதம்.

“கொஞ்ச நேரம்தானே, அண்ணி,” என்று ஷீஸா சிரித்தாள். அவள் முகம் செக்கச்சிவந்திருந்தது.

அவளைக் கையைப் பிடித்து எழுப்பி, கடலோர நிழலில் உட்காரவைத்தேன். திரும்பி வந்து அடுப்பில் தண்ணீரை ஊற்றினேன்.

உன் மனைவி