தலைவர் பங்களாவின் பின்கதவு

5-8-2024, திங்கள்

முழங்கால் வலி. காலையில் இரண்டு இட்லிதான் இறங்கியது.

மதியம் பொதுப்பணித் துறையிலிருந்து ஒரு பெண் வந்தாள். பேர் மலர்விழி, இன்ஜினியராம். மரக்காணம் ரோட்டில் இருக்கிற தலைவர் பங்களாவைச் சரிசெய்யப் போகிறார்களாம். டெல்லித் தலைவர் ஐம்பத்தெட்டாம் வருஷம் உடம்பு தேற மூன்று மாதம் தங்கினாரே, அரசாங்கமே அவருக்கென்று ஒதுக்கிக் கொடுத்த வீடு, அதுதான். அவர் போன பிறகு ரேஷன் குடோன் ஆக்கினார்கள். அப்புறம் தாலுகா ஆபீஸ் பழைய காகிதங்களைக் கொட்டினார்கள். அப்புறம் வௌவால். இப்போதுதான் அரசாங்கத்துக்கு ஞாபகம் வந்திருக்கிறது.

"வரைபடம் எதுவும் கிடைக்கல பாட்டி. யாரைக் கேட்டாலும் உங்களத்தான் கை காட்றாங்க."

வேறு யாரைக் காட்டுவார்கள்? அங்கே என் அம்மா அஞ்சம்மாள் வேலை பார்த்தாள். எனக்கு அப்போது ஒன்பது வயது. ஹால் கூரையில் பதினோரு கொக்கி. ஜன்னலுக்கு எல்லாம் பச்சை பெயிண்ட், ஒன்றுக்கு மட்டும் நீலம், பச்சை தீர்ந்துவிட்டது. சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டாள்.

"உங்க அம்மாவுக்கு அங்க என்ன வேலை?"

"சமையல்."

அதையும் எழுதிக்கொண்டாள். அரசாங்க நோட்டில்.

6-8-2024

அம்மா சமைக்கவில்லை.

இங்கே மட்டுமாவது எழுதி வைக்கிறேன். சமைத்தது கிளியனூர்க்காரி ஆரோக்கியம். என் அம்மா பின்பக்கக் கதவு வழியாக வந்து கக்கூசு அள்ளினாள். வாளியோடு வருவாள், வாளியோடு போவாள். முன்பக்கம் அவள் கால் பட்டதே இல்லை.

கல்யாணமாகி வந்த அன்று மாமியார் கேட்டாள், சமையல் என்றேன். பிறகு மகன் குமரேசனுக்கு அதையே சொன்னேன். பிறகு பேத்தி தமிழ்மொழிக்கு. தலைவருக்கு மல்லாட்டைச் சட்னி, அதான் வேர்க்கடலைச் சட்னி, என்றால் உயிர், வியாழக்கிழமை கேப்பைக் களி என்றெல்லாம் சொல்வேன். அது பொய்யில்லை. பின்படியில் உட்கார்ந்து வாசனை பிடித்தே எல்லாம் எனக்குத் தெரியும்.

ஐந்தாவது வரை படித்தவளுக்கு டைரி எதற்கு என்று குமரேசன் கிண்டல் பண்ணுகிறான். யார் என்ன சொன்னார்கள், எந்தத் தேதியில் சொன்னார்கள் என்று வைத்துக்கொள்ளத்தான். நான் சொன்ன பொய்யும் அந்தக் கணக்கில் வர வேண்டாமா?

11-8-2024, ஞாயிறு

விழுப்புரத்திலிருந்து அம்சவள்ளி வந்தாள். தமிழ்மொழிக்கு மாமியாராக வரப்போகிறவள். பையன் பார்த்திபனுக்குக் கூட்டுறவு வங்கியில் வேலை. போன மாதம்தான் பூ வைத்துவிட்டுப் போனார்கள், இன்னும் முகூர்த்தம் குறிக்கவில்லை. அம்சவள்ளி பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர்.

"நான் முந்நூறு பிள்ளைங்களுக்கு ஆக்கிப் போடறேன், உங்க அம்மா தலைவருக்கே ஆக்கிப் போட்டிருக்காங்க. பொருத்தம்னா இதான் பொருத்தம்" என்றாள். அவள் ஸ்கூல் டீச்சர்களிடம் எல்லாம் சொல்லிவிட்டாளாம். பங்களா வாசலில் அம்மா பேர் போர்டில் வருமா என்று கேட்டாள்.

தமிழ்மொழி, "வரும் அத்தை, ஆயாதான் எல்லாத்தையும் சொல்லிக்கினு இருக்காங்க" என்றாள்.

காப்பி எனக்குக் கசந்தது.

22-8-2024

மலர்விழி வரைபடம் போட்டு எடுத்து வந்தாள். என் வாயிலிருந்து வந்த வீடு காகிதத்தில் அப்படியே நிற்கிறது. பின்சுவரில் விரல் வைத்து, "இங்க என்ன பாட்டி?" என்றாள்.

"வெறும் சுவருதான்."

"அப்ப நல்லதாப் போச்சு. அந்தப் பக்கம் படி மாதிரி என்னவோ துருத்திக்கினு இருக்கு. இடிச்சிட்டு ஜெனரேட்டர் ஷெட்டு போட்டுடலாம்."

தலையை ஆட்டினேன். அம்மா உட்கார்ந்து வெற்றிலை போட்ட படி அது. என் தலையில் பேன் பார்த்த படி. போகட்டும். போனால்தான் நிம்மதி. நிம்மதியா?

3-9-2024

காரை பெயர்த்தார்களாம். உள்ளே கதவு இருக்கிறதாம்.

4-9-2024

ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள். போனேன். செங்கல் அடைப்பை எடுத்துவிட்டார்கள். மரக்கதவு கறையான் தின்னாமல் அப்படியே நிற்கிறது. பாவி மரம், அறுபது வருஷத்தில் முன்கதவையே அரித்துத் தின்ற கறையான் இதை ஏன் விட்டது?

"இது எதுக்குப் பாட்டி?"

"தெரியலியே மேடம்."

மலர்விழி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "கொக்கி பதினொண்ணுன்னு சொன்னீங்க, எண்ணிப் பாத்தேன், பதினொண்ணுதான். கதவு தெரியலையா?"

எனக்குத் தெரியாது என்று ஒருத்தி நினைத்துவிட்டாள். அதுதான் ரொம்ப வலித்தது. திருடி மாட்டிக்கொண்டால்கூட இவ்வளவு வலிக்காது.

12-9-2024

அந்த நாளில் அங்கே இருந்தவர்கள் இரண்டு பேராவது வாய்மொழியாகச் சாட்சி சொன்னால்தான் பணம் ஒதுக்குவார்களாம். மலர்விழி தேடிக் கண்டுபிடித்துவிட்டாள் — சவுரியம்மாள். சமையல்கார ஆரோக்கியத்தின் மகள். வர வியாழன் விட்டு அடுத்த வியாழன் பங்களாவுக்கு வருகிறாள். அம்சவள்ளியும் பார்க்க வருகிறாளாம். குமரேசன் சந்தோஷமாகச் சொல்கிறான், மடையன்.

சவுரியோடு நான் பேசி நாற்பது வருஷம். தலைவர் கிளம்பின அன்று வேலைக்காரர்களை எல்லாம் முன்படியில் நிற்க வைத்துப் போட்டோ எடுத்தார்கள். ஆரோக்கியம் எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். தோட்டக்காரரை, மாட்டுக்காரரை, தபால் கொண்டுவருகிறவரைக்கூட. என் அம்மாவைக் கூப்பிடவில்லை. அம்மா பின்னால் வாளி கழுவிக்கொண்டிருந்தாள். எண்பத்து நாலில் திண்டிவனம் சந்தையில் சவுரியிடம் இதைக் கேட்டேன். சிரித்தாள். அன்றோடு சரி.

இப்போது அவள் வந்து வாயைத் திறந்தால்? சந்தையில் சிரித்தவள் சபையில் விடுவாளா?

19-9-2024

தமிழ்மொழி புதுப் புடவைக்கு ரவிக்கை தைக்கக் கொடுத்திருக்கிறாள், வியாழக்கிழமைக்காக. சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை கூப்பிட்டேன். "என்ன ஆயா?" என்று அவள் திரும்பினதும், தண்ணி கொண்டா என்றேன். இரண்டு தடவையும் தண்ணி குடித்தேன்.

25-9-2024

நாளைக்கு. சவுரிக்குக் காய்ச்சல் வரட்டும். பஸ் நிற்கட்டும். மாரியாத்தா, மழையாவது பெய்.

26-9-2024, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வராண்டாவில் நாற்காலி போட்டிருந்தார்கள். மலர்விழி செல்போனை முக்காலியில் நிறுத்தினாள். அம்சவள்ளியும் அவள் அக்காவும் முதல் வரிசை. சவுரி ஆட்டோவிலிருந்து இறங்கினாள். குச்சி மாதிரி ஆகிவிட்டாள்.

"இன்னாடி பாஞ்சாலி, இன்னும் சாவலியா நீ?"

"உன்னை அனுப்பிட்டுப் போலாம்னுதான்" என்றேன்.

நாற்பது வருஷத்துக்குப் பிறகு பேசினது இவ்வளவுதான்.

மலர்விழி கேட்டாள்: "அஞ்சம்மாதான் சமையல்னு பாஞ்சாலி பாட்டி சொல்லியிருக்காங்க. சரிங்களா?"

சவுரி என்னைப் பார்த்தாள். தமிழ்மொழியைப் பார்த்தாள், அவள் தலையில் இருந்த பூவைப் பார்த்தாள். பட்டுப்புடவையில் அம்சவள்ளியைப் பார்த்தாள்.

"ஆமாம்மா. அஞ்சம்மாதான் ஆக்கும். அது கை மணமே தனி."

"அப்ப உங்க அம்மா?"

"எங்க அம்மாவா? பின்னாடி வேலை. கக்கூசு அள்றது. அந்தா, அந்தக் கதவு வழியாத்தான் வரும்."

அப்பாடா என்றுதான் முதலில் இருந்தது. மறைக்க மாட்டேன். அம்சவள்ளி அக்காவின் தொடையில் தட்டி, "நான் சொன்னேன்ல?" என்றாள்.

அப்போது சவுரி என் பக்கம் திரும்பி லேசாகக் கண்ணை மூடித் திறந்தாள். போ, வச்சுக்கோ என்கிற மாதிரி. எனக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டது. போட்டோவில் இடம் கொடுக்காதவர்கள் இன்றைக்கு எனக்குப் பிச்சை போடுகிறார்களா? இவளிடமா நான் வாங்க வேண்டும்?

எழுந்துவிட்டேன். முழங்கால் வலிகூடத் தெரியவில்லை.

"பொய்! இவ சொல்றது பொய் மேடம். ஆக்குனது ஆரோக்கியம், இவ அம்மா. கக்கூசு அள்ளுனது எங்க அம்மா. அந்தக் கதவு எங்க அம்மாவுது. அதை இவளுக்கு ஏன் குடுக்கணும்?"

கூரையில் வௌவால் நகர்கிற சத்தம் கேட்டது. அம்சவள்ளி எழுந்து, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றாள்.

சவுரி ஆட்டோவில் ஏறும்போது சொன்னாள்: "அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாத்து சொன்னேன்டி. கெடுத்துக்கினியே."

27-9-2024

குமரேசன்: "கம்முனு இருந்திருந்தா இன்னாம்மா போயிருக்கும்?"

அவன் கேட்டது நியாயம். ஆனாலும் தேதி போட்டு எழுதி வைக்கிறேன்.

30-9-2024

தமிழ்மொழி நாலு நாளாகப் பேசவில்லை. இன்று தட்டை வைத்துவிட்டுச் சொன்னாள்: "அந்தக் கொள்ளுப்பாட்டி பேரைத்தான ஆயா எனக்கு முதல்ல வைக்கிறதா இருந்தீங்க? அவங்க என்ன வேலை செஞ்சாங்கன்னு என்கிட்டகூட சொல்லத் தோணலையா? எல்லார் முன்னாடியும் தெரிஞ்சிக்கிட்டேன்."

அழுதுவிட்டேன். அவள் சமாதானம் செய்யவில்லை. ரசம் ஊற்றிவிட்டுப் போனாள்.

9-10-2024

விழுப்புரத்திலிருந்து போன் இல்லை. பார்த்திபன் தமிழ்மொழியிடம் பேசுகிறானாம், "அம்மா யோசிச்சிக்கினு இருக்காங்க" என்கிறானாம். என்ன யோசனை? மாவு புளிக்கவா காத்திருக்கிறாள்?

17-10-2024

மலர்விழி வந்தாள். ஜெனரேட்டர் ஷெட்டை வேறு பக்கம் மாற்றிவிட்டார்களாம். கதவும் படியும் இருக்கும். புது வரைபடத்தில் அந்த இடத்தில் என் அம்மா பேர். கோபமாக இருக்கிறீர்களா மேடம் என்றேன். "கதவு தெரியாதுன்னு சொன்னப்பதான் கோபம். இப்ப இல்ல" என்றாள்.

இரண்டு பேர் சாட்சியும் முரணாக வந்தும் பணம் ஒதுக்கிவிட்டார்களாம்.

24-10-2024

சவுரி போன் பண்ணினாள். நம்பர் யார் கொடுத்தது? தமிழ்மொழிதான்.

திட்டத்தான் கூப்பிட்டிருக்கிறாள். "எங்க அம்மா உங்க அம்மாவ மூணு தடவை கூப்பிட்டுச்சுடி. புடவையெல்லாம் ஈரம், நான் வரலன்னு உங்க அம்மாதான் சொல்லிச்சு. நீ தூணுக்குப் பின்னாடி நின்னுக்கினு இருந்த. சந்தையில நீ கேட்டப்ப எனக்கு சிரிப்புதான் வந்துச்சு."

பொய் என்று கத்திவிட்டு வைத்துவிட்டேன்.

அன்றைக்கு அம்மா புடவை ஈரமாகத்தான் இருந்தது. முந்தானையைப் பிழிந்தாள். அது எனக்குத் தெரிகிறது. தூணும் தெரிகிறது. கூப்பிட்ட குரல் மட்டும் தெரியவில்லை. கொக்கி எண்ணினவளுக்கு அது எப்படித் தெரியாமல் போகும்? இல்லை, சவுரி சொல்வது பொய்.

பொய்யாகத்தான் இருக்க வேண்டும்.

1-11-2024

தீபாவளி நேற்றே போனது. மாப்பிள்ளை வீட்டு வரிசை வரவில்லை. தமிழ்மொழி அந்தப் புடவையைப் பெட்டியில் அடியில் வைத்துவிட்டாள். நான் பார்த்துக்கொண்டிருந்ததை அவள் கவனிக்கவில்லை.

10-11-2024, ஞாயிறு

பதினோரு மணிக்கு அம்சவள்ளி வந்தாள். அக்கா இல்லாமல், தனியாக. சாதாரண நூல் புடவை. தண்ணிகூடக் குடிக்கவில்லை.

"அந்தக் கதவைப் பாக்கணும்மா."

ஆட்டோவில் போனோம். வாட்ச்மேன் முன்கதவைத் திறந்துவிட்டார், புதுத் தேக்கு, பளபளவென்று இருந்தது. அம்சவள்ளி அந்தப் பக்கம் போகவில்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு என் பின்னால் வந்தாள்.

கதவு குட்டை. குனியாமல் யாரும் நுழைய முடியாது. அம்சவள்ளி நல்ல உயரம். கொஞ்ச நேரம் படியில் நின்றாள். அப்புறம் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்து உள்ளே போனாள். நிலையில் நங்கென்று தலை இடித்தது. எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம், பொய் சொல்லக் கூடாது.

உள்ளே போனவளைக் காணோம். நான் வெளியிலேயே நின்றேன்.

உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது: "கல்யாணத்தத் தையிலயே வச்சிக்கலாம்மா. மாசியில பரீட்சை வந்துடும், எனக்கு லீவு தரமாட்டாங்க."

சரி என்றேன். எனக்கே கேட்கவில்லை. கதவில் தலையை விட்டு இன்னொரு தடவை சொன்னேன்.